பதவியேற்க மதச் சத்தியம் கட்டாயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பதவிக்கு வருகிறவர் முதலில் தன் கடவுள் நம்பிக்கையைச் சபையறியச் சொல்ல வேண்டும் என்ற விதி பல நாடுகளில் இருந்தது. சில நாடுகளில் இன்னும் இருக்கிறது. அதை நீக்க முயன்றவர்கள் எங்கே சறுக்கினார்கள், முழுமையாக நீக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்கான பதில்கள் இவை.

மதச் சத்தியம் என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு பதவிப் பிரமாணத்துக்குள் நான்கு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சட்டத்துக்கு உட்பட்டுக் கடமையைச் செய்வேன் என்ற வாக்குறுதி முதலாவது. அந்த வாக்குறுதிக்குக் கடவுளைச் சாட்சியாக அழைப்பது இரண்டாவது. நான் இன்ன மதத்தைச் சேர்ந்தவன், இன்ன கொள்கையை ஏற்கிறேன் என்ற அறிக்கை மூன்றாவது. வேத நூலைத் தொடுவது, தேவாலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் பங்கேற்பது போன்ற சடங்கு நான்காவது.

நீக்கக் கோருவது பின்னால் உள்ள மூன்றின் கட்டாயத்தை மட்டுமே. வாக்குறுதியில் யாரும் கை வைக்கவில்லை. சட்டத்தை வரைகிறவர்கள் இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தவறினால், ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை உள்ளேயே விட்டுவிடுவார்கள். வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்தது அதுதான்.

எதற்காக இதைக் கொண்டுவந்தார்கள்?

இரண்டு காரணங்கள். மறுமையில் தண்டனை உண்டு என்று அஞ்சாதவன் வாக்குத் தவறுவான் என்ற எண்ணம் ஒன்று. மதச் சகிப்புக்காக வாதாடிய ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கே, நாத்திகரின் வாக்குறுதியும் ஒப்பந்தமும் சத்தியமும் நிற்காது என்று 1689இல் எழுதினார். மற்றொன்று அரசியல் சந்தேகம்: கத்தோலிக்கர் மன்னரைவிடப் போப்பாண்டவருக்கே கட்டுப்பட்டவர்கள் என்று 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து அஞ்சியது.

இங்கிலாந்தின் சோதனைச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது?

1661ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டப்படி, தேர்தலுக்கு முந்தைய ஓராண்டுக்குள் இங்கிலாந்துத் திருச்சபையில் திருவிருந்து பெற்றவரே நகராட்சிப் பதவிக்கு வரலாம். 1673ஆம் ஆண்டின் சோதனைச் சட்டம் மன்னரின் கீழுள்ள சிவில், ராணுவப் பதவிகளையும் இதற்குள் கொண்டுவந்தது. பதவிக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையும் பிரசங்கமும் முடிந்த கையோடு திருவிருந்து பெற வேண்டும். குருவும் திருச்சபை நிர்வாகியும் கையெழுத்திட்ட சான்றிதழோடு நீதிமன்றத்துக்குப் போய், அது உண்மை என்று இரண்டு சாட்சிகளைச் சத்தியம் செய்யவைக்க வேண்டும். திருவிருந்து அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகின்றன என்ற கத்தோலிக்கக் கொள்கையை மறுத்து ஓர் அறிக்கையிலும் கையெழுத்திட வேண்டும்.

இதைச் செய்யாமல் பதவியில் தொடர்ந்தால் 500 பவுன் அபராதம். அதோடு வழக்குத் தொடுக்கும் உரிமை போகும். பிள்ளைகளுக்குக் காப்பாளராகவோ உயிலை நிறைவேற்றுபவராகவோ இருக்க முடியாது. உயில் வழியாக வரும் சொத்தையும் பெற முடியாது. மன்னரின் தம்பி ஜேம்ஸே கடற்படைத் தலைமைப் பதவியை 1673இல் விட்டு விலக வேண்டியதாயிற்று. 1678இல் வந்த இரண்டாவது சட்டம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் இந்த மறுப்பறிக்கையை நீட்டித்தது.

இந்தச் சோதனை, வடிகட்ட நினைத்தவர்களையாவது வடிகட்டியதா?

இல்லை. பதவிக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தவர் வருடத்துக்கு ஒருமுறை திருவிருந்து பெற்றுவிட்டு மறுவாரம் தன் சொந்தச் சபைக்குப் போனார். சொன்ன சொல்லை மதித்தவர்தான் வெளியே நின்றார். சத்தியத்தைப் பெரிதாக நினைக்கிறவரை விலக்கி, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்பவரை உள்ளே விடுவது இந்த ஏற்பாட்டின் உள்ளார்ந்த கோளாறு. எந்த நாட்டில் எந்த மதத்தை வைத்து இதை அமைத்தாலும் இந்தக் கோளாறு கூடவே வரும்.

லண்டன் மாநகராட்சி இதிலிருந்து பணமும் சம்பாதித்தது. 1748இல் அது கொண்டுவந்த விதிப்படி, ஷெரீப் பதவிக்குப் போட்டியிட மறுப்பவருக்கு 400 பவுனும் 20 மார்க்கும் (மார்க் என்பது அக்காலப் பணக் கணக்கு) அபராதம். தேர்ந்தெடுக்கப்பட்ட பின் மறுத்தால் 600 பவுன். பிறகு, திருவிருந்து பெற மனம் ஒப்பாத மாற்றுச் சபையினர் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத புராட்டஸ்டண்டுகள்) என்று தெரிந்தே பலரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏற்றால் சோதனைச் சட்டம் பாயும், மறுத்தால் அபராதம். இப்படித் திரண்ட 15,000 பவுனுக்கும் மேற்பட்ட தொகை, மேயரின் இல்லமான மேன்ஷன் ஹவுஸ் கட்டுமானத்துக்குப் போனது. ஆலன் எவன்ஸ் என்பவர் கட்ட மறுத்து வழக்காடினார். திருச்சபையோடு ஒத்துப்போகாமல் இருப்பது குற்றமல்ல என்று மான்ஸ்ஃபீல்டு பிரபு வாதிட, பிரபுக்கள் சபை 1767இல் எவன்ஸுக்குச் சாதகமாகத் தீர்த்தது. ஆனால் பதவிக்கான தடை அப்படியே நின்றது. நின்றுபோனது அபராதம் மட்டும்தான்.

யாரும் அமல்படுத்தாத விதி ஏட்டில் கிடந்தால் என்ன கெட்டுவிடும்?

இங்கிலாந்து இதே சமாதானத்தைத்தான் ஒரு நூற்றாண்டு காலம் சொல்லிக்கொண்டிருந்தது. 1727 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் மன்னிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, குறித்த காலத்தில் திருவிருந்து பெறாதவர்களுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். பாதி மாற்றுச் சபையினர் இந்த நிழலில் பதவி வகித்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அது உரிமை ஆகாது. அடுத்த ஆண்டு அந்தச் சட்டம் வராமல் போகலாம். பதவியில் இருப்பவர் எதிரியைச் சம்பாதித்தால் பழைய விதி கையில் எடுக்கப்படலாம்.

அமெரிக்காவிலும் இதைப் பார்க்கலாம். மேரிலாந்தின் அரசமைப்பு, கடவுள் இருக்கிறார் என்ற அறிக்கையைப் பதவிக்கு நிபந்தனையாக வைக்க இடம் தந்தது. நோட்டரி பப்ளிக்காக நியமிக்கப்பட்ட ராய் டார்கசோ அந்த அறிக்கையைத் தர மறுத்ததால் அவருக்கு நியமன ஆணை கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1961இல் ஒருமனதாக அதை ரத்து செய்தது; தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹ்யூகோ பிளாக். அதற்குப் பிறகும் தெற்கு கரோலினாவில் ஒரு கணிதப் பேராசிரியர், நோட்டரி விண்ணப்பத்தில் கடவுள் பெயரை அடித்துவிட்டதற்காக நிராகரிக்கப்பட்டு, 1997இல்தான் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார். செல்லாது என்று தீர்ப்பான வாசகம் ஏட்டில் கிடந்தால், அதைப் படிக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு அது செல்லுபடியான சட்டமாகத்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரு தனிமனிதர் தன் காசையும் காலத்தையும் செலவழித்து அதை மறுபடி தோற்கடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே வாசகத்தையே எடுக்க வேண்டும்.

1828இல் நீக்கிய பிறகும் சண்டை ஏன் தொடர்ந்தது?

ஜான் ரஸ்ஸல் பிரபு முன்னெடுத்த 1828ஆம் ஆண்டுச் சட்டம் திருவிருந்துச் சோதனையை எடுத்தது. அதற்குப் பதிலாக, திருச்சபைக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்ற ஓர் அறிக்கை வந்தது. பிரபுக்கள் சபை அதில் ‘ஒரு கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின் பேரில்’ என்ற சொற்றொடரைச் சேர்த்தது. மாற்றுச் சபையினருக்குக் கதவைத் திறந்த கையே யூதர்களுக்குத் தாழ்ப்பாள் போட்டது. 1829இல் கத்தோலிக்கருக்கு வழி திறந்தபோதும், நாடாளுமன்றப் பிரமாணத்தில் ஏற்கெனவே இருந்த இதே சொற்றொடர் யூதர்களைத் தடுத்து நின்றது.

1847இல் லண்டன் நகரத் தொகுதியில் வென்ற லயனல் டி ராத்சைல்டு, 1850இல் அவையின் மேசைக்கு வந்து பழைய ஏற்பாட்டைக் கேட்டு வாங்கினார். பிரமாணத்தை வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், ‘கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின் பேரில்’ என்ற இடம் வந்ததும் நின்றார். இந்தச் சொற்கள் என் மனச்சாட்சியைக் கட்டாதவை, ஆகவே விட்டுவிடுகிறேன் என்று சொல்லி, கடவுள் துணை கேட்டு முடித்தார். வெளியேறச் சொன்னார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், கடவுள் நம்பிக்கையும் உள்ள ஒருவர், ஒற்றை வரிக்காக மொத்தம் 11 ஆண்டுகள் காத்திருந்து 1858இல்தான் அமர முடிந்தது.

அவரை அமரவிட்ட 1858ஆம் ஆண்டுச் சட்டமும் யூதர்களுக்கு மட்டுமே வழி செய்தது. 1880இல் நார்தாம்ப்டனில் வென்ற நாத்திகர் சார்ல்ஸ் பிராட்லா, சத்தியத்துக்குப் பதில், கடவுளை அழைக்காத உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார், மறுத்தார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். நம்பிக்கை இல்லாதவர் செய்யக் கூடாது என்று அதையும் மறுத்தார்கள். ஓர் இரவு நாடாளுமன்ற மணிக்கூண்டில் அடைக்கப்பட்டார். 1881, 1882, 1884 இடைத்தேர்தல்களிலும் 1885 பொதுத்தேர்தலிலும் அதே மக்கள் அவரையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். 1886 ஜனவரியில் அவைத்தலைவர் பீல் குறுக்கீடுகளுக்கு இடம்கொடாமல் அவரைப் பிரமாணம் எடுக்க விட்டார். 1888இல் பிராட்லாவே கொண்டுவந்த சட்டம் உறுதிமொழிக்கு எல்லோருக்கும் வழி செய்தது. அடுத்த ஆண்டு பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தவரும் இவர்தான்.

விலக்கை ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகக் கொடுத்துக்கொண்டே போனதால் 60 ஆண்டுகள் இழுத்தது. ‘இன்னாருக்கு விலக்கு’ என்று எழுதாமல் ‘எவரிடமும் கேட்கக் கூடாது’ என்று எழுதியிருந்தால் ஒரே சட்டத்தில் முடிந்திருக்கும்.

இது மத நம்பிக்கைக்கு எதிரான கோரிக்கை அல்லவா?

உறுதிமொழி என்ற மாற்றையே பெற்றுத் தந்தவர்கள் ஆழ்ந்த பக்தர்கள். ‘சத்தியம் பண்ணவே வேண்டாம்’ என்ற மத்தேயு 5:34 வசனத்தைக் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அப்படியே கடைப்பிடித்தார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. சிறைக்குப் போய்ப் போராடி 1696இல் உறுதிமொழிச் சலுகை பெற்றார்கள். அதில்கூட ஊதியம் தரும் அரசுப் பதவிகள் சேரவில்லை. ஜோசஃப் பீஸ் என்ற குவேக்கர் உறுதிமொழி கூறிக் காமன்ஸ் சபையில் அமர்ந்தது 1833இல்.

அமெரிக்க அரசமைப்பு என்ன சொல்கிறது?

1787இல் எழுதப்பட்ட ஆறாம் பிரிவு, ஒன்றிய அரசின் எந்தப் பதவிக்கும் மதச் சோதனை ஒருபோதும் தகுதியாகக் கேட்கப்படக் கூடாது என்கிறது. இதை முன்மொழிந்தவர் தெற்கு கரோலினாவின் சார்ல்ஸ் பிங்க்னி. அதே பிரிவு ‘சத்தியம் அல்லது உறுதிமொழி’ என்று இரண்டையும் சமமாக வைக்கிறது. அதிபர் பிரமாணத்தின் 35 சொற்களில் கடவுள் இல்லை. இறுதியில் பலர் சேர்க்கும் கடவுள் வேண்டுதல் அவரவர் விருப்பம். 1853இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி கூறிப் பதவியேற்றார். மாநிலங்களை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாததால்தான் மேலே சொன்ன வழக்குகள் வந்தன.

இந்தியாவில் நிலைமை என்ன?

அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை, அமைச்சர், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி, கணக்குத் தணிக்கைத் தலைவர் ஆகியோருக்கான வாசகங்களைத் தருகிறது; குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், ஆளுநர் வாசகங்கள் 60, 69, 159ஆம் உறுப்புகளிலேயே உள்ளன. எல்லாவற்றிலும் ‘கடவுளின் பெயரால் ஆணையிட்டு’, ‘உளமார உறுதி கூறி’ என்ற இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும்; எதை எடுத்தாலும் மீதி வாசகம் ஒன்றே. காரணம் கேட்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. தமிழ்நாட்டில் ‘உளமார’ என்ற சொல்லைப் பதவியேற்பு மேடைகளில் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தம் 1949 அக்டோபரில் 41க்கு 68 என்ற வாக்கில் தோற்றது.

நீதிமன்றச் சாட்சிகளுக்கு 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் இதே தேர்வைத் தருகிறது. கங்கை நீரையும் குர்ஆனையும் வைத்துச் சத்தியம் வாங்கும் நீதிமன்ற வழக்கம் 1840ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்திலேயே கைவிடப்பட்டது.

சொந்தமாக ஒரு பெயரைச் சேர்த்துப் பிரமாணம் எடுக்கலாமா?

கூடாது. கேரளச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் 2001இல் நாராயண குருவின் பெயரால் பிரமாணம் எடுத்தார். அது அட்டவணைப்படியான பிரமாணம் ஆகாது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு வாசகங்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். முறையான பிரமாணம் எடுக்காமல் அவையில் அமர்ந்தாலோ வாக்களித்தாலோ 104, 193ஆம் உறுப்புகளின்படி நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம்.

தேர்வு கொடுப்பது போதுமா, ஒரே மதச்சார்பற்ற வாசகம் வேண்டுமா?

எங்கள் கருத்தில் எல்லோருக்கும் ஒரே வாசகம் என்பதே சிறந்தது. தேர்வு இருக்கும் இடத்தில், ஒருவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதே அவர் நம்பிக்கையைப் பற்றிய அறிவிப்பாகிவிடுகிறது. தேர்தல் பிரசாரத்தில் அது ஆயுதமாகிறது. ஆனாலும், அரசியல் நிலவரம் ஒரே வாசகத்துக்கு இடம்தராதபோது, நன்றாக எழுதப்பட்ட தேர்வு பெரிய முன்னேற்றம்தான். மோசமாக எழுதப்பட்ட தேர்வுதான் ஆபத்து.

அதற்கு இரண்டு உதாரணங்கள். இங்கிலாந்தின் 1888ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறுதிமொழி கேட்பவர், ‘எனக்கு மத நம்பிக்கை இல்லை’ அல்லது ‘சத்தியம் என் மதத்துக்கு விரோதம்’ என்று காரணம் சொல்ல வேண்டும். அந்த நிபந்தனையின்றி, ஆட்சேபித்தாலே போதும் என்று 1978ஆம் ஆண்டின் சட்டம் எழுதியது. இடையில் 90 ஆண்டுகள். கிரேக்க நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போனவரிடம் அச்சிட்ட படிவத்தில் மதச் சத்தியம் மட்டுமே இருந்தது. மாற்று வேண்டுமானால் தான் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் அல்ல என்று சொல்ல வேண்டும். அலெக்சாண்ட்ரிடிஸ் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008இல் இதை மதச் சுதந்திர மீறல் என்றது.

இத்தாலி சூழ்ந்த சிறு நாடான சான் மரினோவில் அப்போது மாற்றே இருக்கவில்லை. 1993இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் நற்செய்தி நூல்களைத் தொட்டுச் சத்தியம் செய்யாவிட்டால் இடத்தை இழப்பார்கள் என்று மிரட்டப்பட்டார்கள். அது வெறும் மரபுதான், மத அர்த்தம் தேய்ந்துவிட்டது என்றது அரசு. 1999இல் புஸ்காரினி வழக்கில் அதே ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை: பலதரப்பட்ட கருத்துகளைப் பிரதிநிதித்துவப்படுத்த வருகிறவரை ஒரே நம்பிக்கைக்குக் கட்டுப்படச் சொல்வது முரண் என்றது.

சட்டத்தை வரைபவர் எந்த வரிசையில் போக வேண்டும்?

முதலில் பட்டியல். அரசமைப்பு மட்டும் போதாது. உள்ளாட்சிச் சட்டங்கள், பணி விதிகள், நோட்டரி, நடுவர் குழு, காவல், ராணுவ விதிகள், அவை நிலையாணைகள், அச்சிட்ட படிவங்கள் எல்லாவற்றிலும் தேடுங்கள். ‘கடவுள்’ என்ற சொல்லை மட்டும் தேடினால் தப்பிப் போகும் இடங்கள் உண்டு: ‘விசுவாசம்’, ‘வேத நூல்’, ‘புனித’, ‘மறுமை’, ‘மதத்தினராக’ போன்றவற்றையும் தேட வேண்டும்.

அடுத்து, கிடைத்த ஒவ்வொரு வாசகத்தையும் முதல் கேள்வியில் சொன்ன நான்காகப் பிரியுங்கள். வாக்குறுதியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் சமாதானத்துக்காகப் புதுச் சொற்றொடர் எதையும் ஒட்டாதீர்கள். 1828ஐ நினைவில் வையுங்கள்.

பிறகு பாதுகாப்பு வாசகங்கள் வேண்டும். எந்தப் பதவிக்கும் மதமோ மதமின்மையோ தகுதியாகவோ தகுதியின்மையாகவோ கேட்கப்படாது என்ற பொதுத் தடை ஒன்று. தேர்வு இருந்தால், காரணம் கேட்கக் கூடாது, இரண்டுக்கும் சட்ட விளைவு ஒன்றே என்பது இன்னொன்று. ஏற்கெனவே பழைய சத்தியம் எடுத்துப் பதவியில் இருப்பவர்களின் பதவியும் அவர்கள் பிறப்பித்த உத்தரவுகளும் செல்லும் என்ற காப்பு வாசகத்தை மறந்தால், தோற்ற கட்சிக்காரர் பழைய உத்தரவுகளையெல்லாம் நீதிமன்றத்துக்கு இழுப்பார்.

கடைசியாகப் படிவம். சட்டம் மாறிய பிறகும் பழைய படிவக் கட்டுகள் தீரும்வரை அலுவலகங்கள் அவற்றையே நீட்டும். எந்தத் தேதியிலிருந்து பழைய படிவம் செல்லாது என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

உறுதிமொழிக்கு வலு குறைவா?

இல்லை. சாட்சி சொல்லும் இடத்தில் பொய் சொன்னால் இரண்டுக்கும் தண்டனை ஒன்றே. பதவியில் தவறினால் வருவது சட்டத்தின் தண்டனை. அது எந்த வாசகத்தில் பதவியேற்றார் என்று பார்ப்பதில்லை.

மதம் நீங்கிவிட்டால் பதவிப் பிரமாணத்தில் வேறு ஆபத்து இல்லையா?

உண்டு. இலங்கையில் 1983இல் வந்த ஆறாம் திருத்தம், தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்ற பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது; அதை எடுக்காத தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். அதில் கடவுள் பிரச்சினை இல்லை. ஆனால் வாக்காளர் அனுப்பியவரை ஒரு வாசகம் வெளியே நிறுத்தியது. பிரமாணம் கடமையைப் பற்றி மட்டும் பேசுகிறதா, கருத்தையும் கேட்கிறதா என்று எப்போதும் பார்க்க வேண்டும்.

இன்றும் எங்கே கட்டாயம் இருக்கிறது?

அயர்லாந்தில் குடியரசுத் தலைவர் எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் என்று தொடங்கியே பதவியேற்க வேண்டும். மாற்று வாசகம் இல்லை. பாகிஸ்தானில் குடியரசுத் தலைவரும் பிரதமரும் தாங்கள் முஸ்லிம் என்று பிரமாணத்திலேயே சொல்ல வேண்டும். இதற்கு மாறாக நார்வே, அமைச்சரவையில் பாதிக்கு மேற்பட்டோர் அரசுத் திருச்சபையினராக இருக்க வேண்டும் என்ற விதியை 2012இல் நீக்கியது. ஜெர்மனியில் கடவுள் துணை கேட்கும் இறுதி வரியை விட்டுவிட அடிப்படைச் சட்டமே அனுமதிக்கிறது. 1998இல் ஷ்ரோடர் அதை விட்டுவிட்ட முதல் சான்சலர் ஆனார்.

இந்தியாவில் வேட்பாளராக நிற்கிறேன், உறுதிமொழிதான் எடுக்க விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்?

வேட்புமனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பாகவே தேர்தல் அதிகாரி அல்லது அதற்கென அதிகாரம் பெற்றவர் முன் பிரமாணம் எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளன்று எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மனு நிராகரிக்கப்படும். படிவத்தில் இரண்டு வாசகங்களும் இருக்கும்; வேண்டாததைத் தெளிவாக அடித்துவிட்டு, வேண்டியதை வாய்விட்டு வாசித்துக் கையெழுத்திடுங்கள். வாசிப்பதும் கையெழுத்தும் இரண்டும் வேண்டும். எடுத்ததற்கான சான்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

வென்ற பிறகு அவையில் எடுப்பது தனிப் பிரமாணம். முன்பு எடுத்தது அதற்குப் போதாது. எந்த வாசகம், எந்த மொழி என்று சட்டமன்றச் செயலகத்துக்கு முதல் நாளே சொல்லிவிட்டால் மேசையில் சரியான தாள் இருக்கும். தவறான தாளை நீட்டினால் பதற வேண்டாம். மாற்றித் தரச் சொல்லி, வந்த பிறகு வாசியுங்கள். ஏன் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.